ஏணிக்குக் கட்டிய துணி

அன்று காலை அந்த வீட்டில் இருந்தவர்கள்: மாடி அறைக் கட்டிலில் பெரியவர். சமையலறையில் மூத்த மருமகள். கூடத்துச் சோபாவில், செல்போனும் கையுமாக இளைய மகன். மூத்த மகன் வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் இருக்கும்போதும் அவனை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. வெளியே, வாசல் பக்கச் சுவரில் சாய்த்த ஏணியின் மேல், ஜன்னல்காரன். அவனை அங்கே இருந்தவர்களில் ஒருவனாகச் சேர்ப்பதா வேண்டாமா என்பதுதான் பின்னால் வந்த தகராறு முழுவதும்.

ஜன்னல் துடைப்பது அவன் தொழில். முதலாளியும் அவனே, வேலைக்காரனும் அவனே. ஒரு வாளி, சோப்பு நீர் தடவக் கம்பளி சுற்றிய கட்டை, தடவியதை வழித்தெடுக்க ரப்பர் கட்டை, ஓரங்களுக்கு இடுப்பில் செருகிய துணி, ஓர் ஏணி. ஏணியின் இடது காலில் விரிசல் விட்டிருந்தது. கம்பியைச் சுற்றி முறுக்கி வைத்திருந்தான். ஏறும்போதெல்லாம் கம்பி முனகும். அது முனகாத நாளில் உடைந்துவிடும் என்று அவனுக்கு ஒரு பயம். விழுந்தால் எலும்பு போகும், எலும்போடு பிழைப்பும் போகும். புது ஏணி வாங்க வேண்டும். அதற்குக் கூலியை ஏற்ற வேண்டும். கூலியை ஏற்றப் பெரியவர் தலையாட்ட வேண்டும்.

ஏன் பெரியவர் என்றால், அந்தத் தெரு அப்படி. முனை வீட்டு வாத்தியாரிடம் கேட்டால், "பெரியவர் என்ன தர்றாரோ அதையே நானும் தர்றேன்" என்பார். பக்கத்து வீடு வாத்தியாரைக் கைகாட்டும். கடைசியில் தெருவே மாடி ஜன்னலைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் பெரியவரோ லேசுப்பட்டவர் இல்லை. முந்தைய தடவை கூலி ஏற்றியபோது அவர் நடமாடிக்கொண்டிருந்தார். வாளிக்குள் எட்டிப் பார்த்து, "இவ்வளவு நுரைக்கு எவ்வளவு சோப்பு ஆகும்?" என்று விசாரணை வைத்தார். ஒரு வருஷம் இழுத்தடித்துவிட்டுக் கேட்டதில் பாதி கொடுத்தார். கல்லில் நார் உரித்த களைப்பு அவனுக்கு. அதற்குப் பிறகுதான் குளியலறையில் வழுக்கி விழுந்து கட்டிலோடு கிடந்தார். சரியாகிவிடும் என்றார் டாக்டர். ஆகவில்லை என்றார் பெரியவர்.

சரி, அன்றைய காலைக்கு வருவோம்.

போன தடவை வந்தபோது மருமகள் ஒரு குறை சொல்லியிருந்தாள். "ஏணியைச் சாய்க்கும்போது சுவத்துல கோடு விழுதுங்க. நுனியில துணி ஏதாவது கட்டிக்குங்க." சொன்னதோடு நிற்காமல் பழைய துண்டு ஒன்றை இரண்டாகக் கிழித்து அவளே கையில் கொடுத்தாள். அதுவரை அவன் ஏணியைச் சாய்த்தால் டமால் என்று ஒரு சத்தம் வரும். உடைமாற்றுகிறவர்கள் மாற்றிக்கொள்ளட்டும், சண்டை போடுகிறவர்கள் நிறுத்திக்கொள்ளட்டும் என்று அவன் வேண்டுமென்றே கொஞ்சம் பலமாகத்தான் சாய்ப்பான். ஜன்னல்காரன் வருகிறான் என்பதற்கு அதுதான் அடையாளம். அன்று துணி கட்டிய ஏணி சுவரில் சாய்ந்தது, பூனை மெத்தையில் படுத்தது மாதிரி இருந்தது.

ஏறினான். மாடிக் கண்ணாடியில் சோப்பு நீர் தடவினான், வழித்தான், ஓரம் துடைத்தான், இறங்கினான். உள்ளே என்ன நடந்தது என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. இந்தத் தொழிலில் ஒன்று கண்ணாடியைப் பார்க்கலாம், இல்லாவிட்டால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்க்கலாம். இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால் கோடு விழும். கோடு விழுந்த கண்ணாடியைத் தெருவே காட்டிக்கொடுத்துவிடும். எதிர்வீட்டில் மாடி எழுப்பிக்கொண்டிருந்த கொத்தனார்கள்தான் அந்த ஜன்னலுக்குள் தாராளமாகப் பார்த்தார்கள். அவன் பார்த்தது நுரையை.

வாளியைக் கழுவிவிட்டுச் சமையலறைப் பக்கக் கதவருகே போய் நின்றான். வீட்டில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனத்தில் பாதியை மென்று விழுங்கி, மீதியைச் சொன்னான். இந்த மாதத்திலிருந்து கூலி கூட வேண்டும். இவ்வளவு.

மருமகள் முகத்தில் மாற்றம் எதுவும் இல்லை. "மாமாவைக் கேக்கணும்" என்று மேலே போனாள். ஒரு வருஷம் காத்திருக்கத் தயாராகி, ஏணியை அவன் தோளில் தூக்குவதற்குள் திரும்பி வந்துவிட்டாள்.

"சரின்னுட்டார்."

"எதுக்குச் சரின்னார்?"

"நீங்க கேட்டதுக்குத்தான்."

"முழுசுமா?"

"முழுசும். இன்னைக்கே அந்தக் கணக்குல குடுத்துடச் சொன்னார்."

"வேற ஏதாவது கேட்டாரா? சோப்பைப் பத்தி?"

"இல்லைங்க. நீங்க ஏதாவது சொன்னீங்களான்னு கேட்டார்."

"என்ன சொன்னேன்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்று அவனை ஏற இறங்கப் பார்த்தாள் மருமகள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னான். அவள் தையல் மெஷினில் ஒரு திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். மிதிப்பதை நிறுத்தவில்லை.

"கம்மியா கேட்டுட்டீங்க."

"யாரு, நானா?"

"கேட்ட உடனே ஒருத்தர் ஒத்துக்கிட்டார்னா கம்மியா கேட்டுட்டோம்னு அர்த்தம். மெஷின் மேல கை வெச்சுச் சொல்றேன்."

"அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. செத்த பல்லிக்கும் விலை கேக்கற ஆள்."

இப்போது மிதி நின்றது. "அப்ப நீங்க எதையோ பார்த்திருக்கீங்க."

"நான் எதையும் பார்க்கலை."

"பார்த்துட்டீங்கன்னு அவர் நினைக்கறாருங்க. மாடி ஜன்னலைத் துடைச்சிட்டு இறங்கின கையோட போய்க் கூலியை ஏத்துங்கன்னா, கேக்கறவங்களுக்கு எப்படி இருக்கும்? கூலி மாதிரியா இருக்கும்?"

அதை அவன் யோசிக்கவே இல்லை. ஏறும்போது விரிசலைப் பற்றியும் இறங்கும்போது வசனத்தைப் பற்றியும்தான் நினைத்துக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு ஜன்னல் இருந்ததே நினைவில் இல்லை.

"யோசிச்சுப் பாருங்க. கட்டில் எங்க இருந்தது? அவர் எப்படிப் படுத்திருந்தார்?"

"நுரை இருந்தது."

"உங்களைக் கட்டிக்கிட்டு நான் என்னத்தைச் சொல்ல" என்று அவள் மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "என்ன இருந்தாலும் காசைத் திருப்பிக் குடுத்துடாதீங்க. ஏணி வாங்கணும்" என்றாள்.

அடுத்த நாள் முனை வீட்டு வாத்தியாரிடம் போனான். பெரியவர் ஒத்துக்கொண்ட செய்தி அவனுக்கு முன்பே அங்கே போயிருந்தது. அவர் வாசலிலேயே வழிமறித்தார்.

"அவரை எப்படிய்யா வழிக்குக் கொண்டுவந்தே?"

"கேட்டேன் சார். குடுத்தார்."

"என் காதுல பூ சுத்தாதே. அவர் பேரனுக்குப் பொம்மை வாங்கவே பேரம் பேசின ஆள். நீ ஏணியில நின்னுக்கிட்டு என்ன பண்ணினே?"

"ஜன்னல் துடைச்சேன்."

"எங்க வீட்டு ஜன்னலையும் நீதானே துடைக்கறே" என்று வாத்தியார் இழுத்தார். சிரித்துக்கொண்டுதான் இழுத்தார். ஆனால் அவன் வேலையை ஆரம்பித்தபோது ஒவ்வொரு அறையிலும் அவனுக்கு முன்னால் திரைச்சீலை மூடிக்கொண்டே போனது. உள்ளேயிருந்து வாத்தியார் மனைவியின் கை மட்டும் தெரிந்தது. அவன் வாழ்க்கையில் முதல்முறையாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தான். அன்று வாத்தியார் வீட்டுக் கண்ணாடியில் கோடு விழுந்தது.

வாத்தியார் புதுக்கூலி கொடுத்தார். பக்கத்து வீடும் கொடுத்தது. யாரும் முணுமுணுக்கவில்லை. முணுமுணுத்திருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எல்லாரும் சட்டென்று கொடுத்துவிட்டு, கதவைச் சட்டென்று சாத்தினார்கள். இப்படியே போனால் இரண்டொரு மாதத்தில் ஒவ்வொரு வீடாக வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும் என்பது அவனுக்குப் புரிந்தது. எட்டிப் பார்க்கிறவன் என்று பெயர் எடுத்த ஜன்னல்காரனை எவன் ஏணியோடு உள்ளே விடுவான்? புது ஏணி வாங்கி எந்தச் சுவரில் சாய்ப்பது?

அதனால் பெரியவரிடமே நேரில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். நான் ஒன்றும் பார்க்கவில்லை, நீங்கள் கொடுத்தது வேலைக்கான கூலிதான் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

அடுத்த மாத முறைக்கு அவன் போனபோது இளைய மகன் மறுபடி வந்திருந்தான். அவன் வேறு ஊரில் இருந்தான்; மாதம் ஒருமுறை அப்பாவைப் பார்க்க வருவான், செலவுக்குப் பணம் வைத்துவிட்டுப் போவான். ஜன்னல்காரன் வாசலில் வாளியை இறக்குவதற்குள் எழுந்து வந்தான்.

"எங்கப்பாகிட்ட நீங்க என்ன பேசினீங்க?"

"எதுவும் பேசலைங்க. இன்னைக்குத்தான் பேசலாம்னு இருக்கேன்."

"ஓகோ. இன்னும் இருக்கா?" இளையவன் உதட்டைக் கடித்தான். "படுக்கையில கிடக்கற மனுஷன். அவரைப் பயமுறுத்தி எதையாவது வாங்கலாம்னு நினைச்சீங்கன்னா..."

"ஜன்னல் துடைக்கற கூலிங்க அது."

"அவர் எனக்குச் செருப்பு வாங்கிக் குடுத்ததே ஒரு வருஷம் யோசிச்சுத்தான்."

மாடியிலிருந்து மணி அடித்தது. பெரியவர் தலைமாட்டில் ஒரு கைமணி வைத்திருப்பார். மருமகள் மேலே போய் எட்டிப் பார்த்துவிட்டு மாடிப்படி நடுவில் நின்று சொன்னாள். "ஜன்னல்காரரை மேல வரச் சொல்றார். தனியா."

அந்த 'தனியா' கூடத்தில் கல் விழுந்தது போல விழுந்தது. இளையவன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி சுவரைப் பார்த்தாள். ஜன்னல்காரன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான். எத்தனையோ வருஷமாக வெளியே இருந்து துடைத்த அறைக்குள் முதல்முறையாகக் கால் வைத்தான். கட்டில், மருந்துப் பாட்டில்கள், மடித்த போர்வை, நாற்காலி. பெரியவர் கழுத்துவரை போர்த்திக்கொண்டு கிடந்தார். கண் மட்டும் கூர்மையாக இருந்தது.

"கதவைச் சாத்துப்பா."

சாத்தினான். "ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்..."

பெரியவர் போர்வையை உதறினார். எழுந்தார். கட்டிலைச் சுற்றிக்கொண்டு, அவனைத் தாண்டி, கதவுவரை நடந்து போய்த் தாழ்ப்பாளைப் போட்டார். கால் துளியும் தடுமாறவில்லை. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஜன்னல்காரன் வாயில் ஈ போவது தெரியாமல் நின்றான்.

"இப்ப சொல்லு. இன்னும் எவ்வளவு வேணும்?"

"ஐயா, உங்களால நடக்க முடியுமா?"

"நடிக்காதே. அன்னைக்கு நான் இந்த ஜன்னல் பக்கத்துலதான் கையை வீசி நடந்துக்கிட்டிருந்தேன். திரும்பினா உன் மூஞ்சி. சத்தமே இல்லை. எப்பவும் டமால்னு சாய்ப்பே. அந்தச் சத்தத்தை நம்பித்தான் நான் படுப்பேன். அன்னைக்குத் துணியைக் கட்டிக்கிட்டுத் திருடன் மாதிரி வந்திருக்கே. கீழ போன கையோட கூலியை ஏத்தியிருக்கே. இதுக்கு மேல என்னப்பா சொல்லணும்?"

"நான் கண்ணாடியைத்தான் பார்த்தேன். உங்களைப் பார்க்கலை. இப்பத்தான் பார்க்கறேன்."

பெரியவர் சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு. படுத்துக்கிடந்து பழகியிருப்பார் போல. "நான் எழுந்துட்டேன்னு தெரிஞ்சா இந்த வீட்டை வித்துடுவாங்க. அப்பா நடக்கறவரைக்கும் விக்க வேண்டாம், நடந்ததும் சின்னவன் ஃபிளாட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரும் என் கால்மாட்டுல நின்னே பேசினாங்க. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், நான் நடக்கறதில்லைன்னு. இன்னும் கொஞ்சம் சேர்த்து வாங்கிக்கோ. ஆனா வாயைத் திறக்காதே."

"நான் கேட்டது போதும்யா. அது வேலைக்குக் கேட்டது. ஏணி வாங்க."

பெரியவரின் சிரிப்பு நின்றுவிட்டது. இன்னும் வேண்டும் என்று கேட்டிருந்தால் அவர் நிம்மதியாகியிருப்பார். போதும் என்கிற ஆளை எப்படி நம்புவது என்று அவருக்குத் தெரியவில்லை. "அப்ப சின்னவன்கிட்ட ஏற்கெனவே பேசிட்டியா?" என்றார்.

அவன் பதில் சொல்வதற்குள் கதவு ஆடியது. வெளியேயிருந்து யாரோ தள்ளினார்கள். இளையவனின் குரல். "அப்பா? ஏன் கதவு பூட்டியிருக்கு?"

பெரியவர் கட்டிலில் பாய்ந்த வேகத்தை அந்த வயதில் யாரும் நம்பமாட்டார்கள். போர்வை கழுத்துவரை ஏறியது. வாய் லேசாகத் திறந்துகொண்டது. அறையில் இப்போது ஒரு படுக்கை நோயாளியும், உள்ளே தாழ்ப்பாள் போட்ட கதவும், ஒரு ஜன்னல்காரனும் இருந்தார்கள். பார்க்கிறவனுக்கு இதில் கணக்குப் போட என்ன இருக்கிறது?

தாழ்ப்பாளை நீக்கினான். இளையவன் உள்ளே வந்து அப்பாவைப் பார்த்தான், தாழ்ப்பாளைப் பார்த்தான், பிறகு அவனைப் பார்த்தான்.

"ஏன் பூட்டினீங்க?"

பெரியவர்தான் பூட்டினார் என்று சொல்ல வாயெடுத்தான். இரண்டு வருஷமாக நடக்காதவர் எழுந்து வந்து தாழ்ப்பாள் போட்டார் என்று சொன்னால் எவன் நம்புவான்? சொன்னவன்மேலே கை வைப்பார்கள். பூட்டியது நான்தான் என்றாலும் கை வைப்பார்கள். எது குறைவான அடி என்று யோசித்துக்கொண்டிருந்தபோது இளையவனுக்குப் பின்னாலிருந்து மருமகளின் குரல் வந்தது.

"நான்தான் பூட்டச் சொன்னேன்."

"நீங்களா அண்ணி?"

"காத்துக்கு அந்தக் கதவு தானா திறந்துக்குது. மாமாவுக்குக் குளிருது. போகும்போதே இவர்கிட்ட சொல்லி அனுப்பினேன்." குரலில் பிசிறு இல்லை. "நீங்க கீழ வாங்க, டீ ஆறுது."

அவள் அப்படி எதுவும் சொல்லி அனுப்பவில்லை. ஜன்னல்காரன் அவள் முகத்தையே பார்த்தான். கட்டிலில் பெரியவர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்; தூங்குகிறவன் அவ்வளவு இறுக மூடமாட்டான். இளையவன் மனமில்லாமல் படியிறங்கினான்.

கீழே ஜன்னல்களை எப்படித் துடைத்தான் என்று அவனுக்கே தெரியாது. முடித்துவிட்டுச் சமையலறைப் பக்கக் கதவருகே வந்தான். மருமகள் கூலியை எடுத்து வைத்திருந்தாள். அவன் கையை நீட்டவில்லை.

"உங்களுக்குத் தெரியும்" என்றான்.

"மெதுவா பேசுங்க. கூடத்துல இருக்கார்."

"எப்பலேர்ந்து?"

"சந்தேகம் ரொம்ப நாளா. படுத்தே கிடக்கறவருக்குச் செருப்பு ஏன் தேயுது?" அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "நீங்க கூலி கேட்ட அன்னைக்கு உறுதியாச்சு. மாமா ஒரே வார்த்தையில சரின்னார். உயிர் போனாலும் அவர் அப்படிச் சொல்லமாட்டார்."

"ஏணிக்குத் துணி கட்டச் சொன்னது நீங்கதானே?"

அவள் அடுப்பில் ஏதோ கறையைத் தேடித் தேய்த்தாள். வாசல் சுவருக்கு வெள்ளை அடித்து எத்தனை வருஷம் ஆகிறது என்று அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தச் சுவரில் இல்லாத கோடா?

"அவர்கிட்டேயே சொல்லிடலாமே, தெரியும்னு."

"எனக்குத் தெரிஞ்சுதுன்னு அவருக்குத் தெரிஞ்சா வெக்கத்துல எழுந்துடுவார். எழுந்தா வீடு போச்சு. நான் எங்க போவேன்? என் வீட்டுக்காரருக்குத் தம்பி சொன்னா சரி." கூலியை அவன் வாளியின் மூடிமேல் வைத்தாள். "ஒண்ணு செய்யுங்க. இனிமே மாடி ஜன்னலைத் தொடாதீங்க. எதிர்ல மாடி எழும்பிட்டுது. நாளைக்கு அங்க குடிவர்றவங்க நேரா உள்ள பார்ப்பாங்க. திரைச்சீலை போட்டா மூச்சு முட்டுதுன்னு மாமா மணி அடிச்சே எடுக்க வெச்சுடுவார். அதனால அழுக்கு ஏறட்டும்."

"ஜன்னல் துடைக்கறவன் வந்துபோற வீட்டுல ஒரு ஜன்னல் மட்டும் அழுக்கா இருந்தா என்னைத்தான் சொல்வாங்க."

"நல்லவன்னு சொல்லமாட்டாங்க. எட்டிப் பார்க்கறவன்னும் சொல்லமாட்டாங்க. அந்த ஜன்னல்ல ஏணியே சாய்க்கலைன்னு தெருவே பார்க்கும்ல?"

அது உண்மைதான். அதுவும் சேர்ந்துதான் அவனுக்கு எரிச்சலாக இருந்தது. அவள் எல்லாவற்றையும் முன்பே யோசித்து வைத்திருந்தாள், துண்டைக் கிழித்துக் கொடுத்த அன்றைக்கே யோசித்து வைத்திருந்தாளோ என்னவோ. கூலியை எடுத்து எண்ணாமல் சட்டைப் பையில் போட்டான். பிறகு நின்றான்.

"அப்ப அந்த ஒரு ஜன்னலுக்கு உண்டானதைக் கழிச்சுக்குங்க."

"கழிக்க வேண்டாம்."

"துடைக்காத ஜன்னலுக்கு எதுக்குங்க கூலி?"

"நீங்க கேட்டது அப்படியே இருக்கட்டும்."

"இல்லைங்க, கழிச்சாத்தான் அது கூலி. கழிக்கலைன்னா அது வாயைப் பூட்டற காசு..."

கூடத்தில் சோபா கிறீச்சிட்டது. இளையவன் எழுந்து வரும் சத்தம். மருமகள் வாளியைத் தூக்கி அவன் கையில் திணித்து, அவனை வாசற்படிக்கு அந்தப் பக்கம் நகர்த்தினாள்.

கதவு அவன் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு சாவியும் ஒருமுறை திரும்பியது.